சரசா கொடுத்த வேறுபாட்டுச் சீட்டு

மராத்தி பேசும் ஊரான போபோடியில் எங்கள் சந்தில் சரசாவைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ரஷ்யாக்காரர்களுக்குப் பரிந்து பேசியதால் மாலைப் பள்ளியில் அவரை ஃபெயிலாக்கினார்கள் என்பது ஒன்று. வாத்தியாரிடம் அழுது கெஞ்சி மார்க் வாங்கினார் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். 1994 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடந்தவற்றில் சிலவற்றை நான் நேரில் பார்த்தேன். மற்றவற்றைச் சரசாவிடமும் அவர் மகள் பானுவிடமும் வகுப்பில் படித்த சிலரிடமும் அந்தந்த வாரமே கேட்டுக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

சரசா 1950 ஜூன் 14 அன்று போபோடியில் பிறந்தார். தகப்பனார் சின்னதுரை ஆரணிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சரசா மராத்திப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தார். 1968இல் துரைசாமியை மணந்தார். துரைசாமி, நான் பேரேடு எழுதிய அதே ராணுவச் சாமான் டிப்போவில் வேலை பார்த்தார். 1981இல் மஞ்சள் காமாலையில் இறந்தார். அவருக்குப் பதிலாக 1982 பிப்ரவரியில் சரசாவை மஸ்தூராக எடுத்தார்கள். மஸ்தூர் என்றால் பெட்டி இறக்குவது, அடுக்குவது, திறப்பது, எண்ணுவது.

அவர் வேலை பார்த்தது வரவு ஷெட்டில். அங்கே ஒரு முறை உண்டு. லாரியில் வரும் பெட்டியோடு ஒரு சீட்டும் வரும். உள்ளே என்ன, எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டை முதலில் பார்க்கக் கூடாது. பெட்டியைத் திறந்து, எண்ணி, எண்ணியதை எழுதிய பிறகுதான் சீட்டைப் பிரிக்க வேண்டும். சீட்டில் நாற்பத்தெட்டு என்று படித்துவிட்டு எண்ணினால், நாற்பத்தாறு இருந்தாலும் கை நாற்பத்தெட்டு என்றே எண்ணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வேறுபாட்டுச் சீட்டு எழுதுவார்கள். மூன்று பிரதிகள்: அனுப்பியவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று. அதில் யாருக்கும் கோபம் வராது. ஒரு நாளைக்கு நாலைந்து போகும்.

1987 மழைக்காலத்தில் ஒரு லாரி டிரைவர், திறக்காத பெட்டிகளுக்குக் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்தினார். சரசா மறுத்தார். டிரைவர் திட்டினார், லாரியை வாசலில் குறுக்கே நிறுத்தி மறித்தார். சரசா எழுபத்திரண்டு பெட்டிகளையும் திறந்து எண்ணி முடிக்க மாலை ஆகிவிட்டது. எல்லாம் சரியாகவே இருந்தது. “சரியாத்தான இருந்துச்சு, எதுக்கு இத்தனை பிடிவாதம்?” என்று நான் கேட்டேன். “சரியா இருந்துச்சுன்னு தெரியறதுக்குத்தான்” என்றார்.

1993 நவம்பரில் ஒரு பெட்டியைத் தூக்கும்போது அவர் முதுகில் எலும்பு விலகியது. இனி பளு தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மருத்துவ விடுப்பு முடிந்து 1994 ஏப்ரலில் திரும்பியபோது ஓராண்டுக்கு இலகுவேலை கொடுத்தார்கள். ஒருமுறை நீட்டிக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், அல்லது உடல் தகுதியில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது வழி ஒன்றுதான்: எழுத்தராவது. மஸ்தூர்களிலிருந்து எழுத்தர் எடுக்கும் இலாகாத் தேர்வு 1995 டிசம்பரில் வரவிருந்தது. வயது வரம்புக்குள் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசித் தேர்வு அது. அதை எழுதப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே 1995 மார்ச்சில் பத்தாம் வகுப்பில் தேறியாக வேண்டும்.

1994 ஜூன் மாதம் எங்கள் பக்கத்து மாலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். வேலைக்குப் போகிறவர்களைத் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பும் பள்ளி அது. செப்டம்பரில் அவர்களே ஒரு தேர்வு வைப்பார்கள். ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கி, ஒவ்வொரு ஆசிரியரும் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் மேலே போகும். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். பதின்மூன்று பேர் தமிழர். பாடம் மராத்தியில் நடக்கும்.

வரலாறு நடத்தியவர் ராமநாதன். வயது முப்பத்தெட்டு. பகலில் கடைவீதி வங்கியில் வேலை, மாலையில் பள்ளிக்கு வந்து சம்பளம் வாங்காமல் நடத்துவார். தமிழர்களிடம் பாடத்துக்கு வெளியே தமிழில் பேசுவார். நல்ல மனிதர். அவர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாமே கேள்வி பதிலாக எழுதி, ஸ்டென்சில் வெட்டி, படியெடுத்துக் கொடுத்த குறிப்புகளைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள்.

சரசா அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பகை வளர்ந்தது எப்படி என்ற பாடம் வந்தபோது, குறிப்பை மூடி வைத்துவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கேம்ப் பகுதியில் உள்ள நூலகத்துக்குப் போனார். மராத்திக் கலைக்களஞ்சியத்திலும் வேறு இரண்டு நூல்களிலும் பார்த்து, டிப்போவில் சரக்குக் கணக்கு எழுதும் அட்டை போலக் கட்டம் போட்ட தாளில் தேதிவாரியாக எழுதினார். முதல் கட்டம் தேதி, இரண்டாவது யாரிடமிருந்து, மூன்றாவது என்ன வந்தது, நான்காவது கையிருப்பு. கையிருப்பில் அவர் எழுதியது பயம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனது.

அந்த அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. செய்யும் முறையைக் கூட்டாளிக்குச் சொல்லவில்லை. சோவியத் படைகள் போரில் பிடித்த கிழக்கு ஐரோப்பாவை விட்டு நகரவில்லை. 1946 மார்ச் 5 அன்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர், ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டதாக அமெரிக்காவில் பேசினார். 1947 மார்ச் 12 அன்று அமெரிக்க அதிபர், கம்யூனிசத்தால் மிரட்டப்படும் நாடுகளுக்கு உதவி என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் 5 அன்று ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தப் பெரிய உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். சோவியத் தன் பக்கத்து நாடுகள் எதையும் அதில் சேர விடவில்லை. 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் புது நாணயம் வந்தது. நாலே நாளில் சோவியத் பெர்லினுக்குப் போகும் சாலைகளையும் ரயில்பாதைகளையும் அடைத்தது. 1949 ஏப்ரல் 4 அன்று மேற்கு நாடுகள் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி அமைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சோவியத் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது; அதே மாதம் 14ஆம் தேதி சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தம் செய்துகொண்டது. கையிருப்பு, பயம் பதின்மூன்று.

“ரெண்டு பேரும் சண்டைக்கு ஒரே லாரியில போனவங்கதான்” என்று எனக்கு விளக்கினார். “எறங்கினதும் யாரு எத்த எடுத்துகினு போறான்னு ஒருத்தன் கைய ஒருத்தன் பாக்க ஆரம்பிச்சுட்டான். அட்டையப் பாரு அண்ணே. வரவு கீது, செலவே இல்ல. ஒருத்தனும் ஒரு பயத்தக்கூட வெளிய அனுப்பல.”

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான், ஷெட் வழக்கப்படி, ராமநாதனின் குறிப்பைப் பிரித்தார். பக்கம் நாற்பத்தொன்றில், 1949இல் சோவியத் வார்சா ஒப்பந்தம் செய்ததாகவும், அதற்குப் பதிலடியாக 1955இல் மேற்கு நாடுகள் நேட்டோ அமைத்ததாகவும் இருந்தது. இரண்டு ஆண்டுகளும் இடம் மாறியிருந்தன. ஆண்டு மாறியதால் யார் செய்ததற்கு யார் பதில் செய்தார்கள் என்பதும் தலைகீழாகியிருந்தது.

டிப்போவில் என்ன செய்வாரோ அதையே செய்தார். கார்பன் வைத்து மூன்று பிரதிகளில் வேறுபாட்டுச் சீட்டு எழுதினார். ‘பெற்றது: குறிப்பு, பக்கம் 41. சீட்டில் உள்ளது: வார்சா 1949, நேட்டோ 1955. எண்ணிக் கண்டது: நேட்டோ 4-4-1949, வார்சா 14-5-1955. சரிசெய்து தரவும். எண்ணியவர்: சரசா. நகல்: தலைமையாசிரியை.’ ஒரு பிரதியைப் போகிற வழியில் அலுவலக அறையில் தலைமையாசிரியை சந்திரிகாவிடம் கொடுத்தார். இன்னொன்றை வகுப்பில் ராமநாதனிடம் நீட்டினார். அன்று ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை.

ராமநாதன் படித்தார். “என்னம்மா இது?”

“வேறுபாட்டுச் சீட்டு சார். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல தேதி மாறிக் கீது.”

“அது இருக்கட்டும். ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் காப்பின்னு போட்டிருக்கே, அது எதுக்கு?”

“எப்பவும் மூணுதான் சார் எழுதுவோம். அனுப்பினவருக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு...”

“அப்ப நான்தான் அனுப்பினவன்.”

“ஆமா சார்.”

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் பாஸ்கர் என்ற டெம்போ டிரைவர், “சார், சரக்கைத் திருப்பி எடுத்துக்குங்க, வண்டி வாடகை நான் வாங்க மாட்டேன்!” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

ராமநாதன் சிரிக்கவில்லை. “பதினோரு வருஷமா இந்த நோட்ஸைப் படிச்சுத்தான் இங்கேருந்து பாஸ் பண்றாங்க. ஒருத்தர் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கிட்ட கேக்காம மேலே கம்ப்ளெயிண்ட் கொடுக்க நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. இது ஸ்கூல்மா, உங்க டிப்போ இல்லை.” சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சரசாவுக்கு அவர் ஏன் கோபித்தார் என்பது அன்று விளங்கவில்லை.

செப்டம்பரில் தேர்வு நடந்தது. வரலாற்றில் எட்டு மதிப்பெண்ணுக்கு அதே கேள்வி வந்தது: போருக்குப் பின் இரு வல்லரசுகளிடையே பகை வளர்ந்ததை விளக்கிக் கட்டுரை எழுதுக. சரசா கட்டுரை எழுதாமல், அட்டையை அப்படியே கட்டம் போட்டு எழுதினார். செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை தாள்கள் வந்தன. மற்றப் பாடங்களில் தேறியிருந்தார். வரலாற்றில் முப்பத்தொன்று. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்.

“ஒண்ணுமே இல்லையா சார்?”

“கட்டுரை கேட்டேன், கட்டம் போட்டிருக்கீங்க. அதுக்குள்ளேயும் நோட்ஸுக்கு மாறா எழுதியிருக்கீங்க.”

சரசா கத்தினார். எவ்வளவு நேரம் கத்தினார் என்பதற்குப் பாஸ்கரின் கைக்கடிகாரம் சாட்சி: ஏழு பத்திலிருந்து ஏழு பதினாலு வரை. பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். உண்மையில் வந்த வாக்கியங்கள் இரண்டுதான், அவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “உங்க நோட்ஸு ஓட்டப் பொட்டி சார்!” என்பது முதலாவது. “பேங்க்லயும் பாக்காமத்தான் கையெழுத்து போடுவீங்களா?” என்பது இரண்டாவது.

மறுநாள் சந்திரிகா டீச்சர் சரசாவை அழைத்து ராமநாதனின் நிபந்தனையைச் சொன்னார். மன்னிப்புக் கடிதம் ஒன்று. அந்தக் கேள்விக்குக் குறிப்பில் உள்ளபடி புதிதாக விடை ஒன்று. இரண்டும் வந்தால் எட்டும் போட்டுக் கையெழுத்திடுவார். கடைசி நாள் அக்டோபர் 5, மாலை ஐந்து மணி. “என்னால அவரை மீறிப் போட முடியாதும்மா. பாடம் அவருது” என்றார் டீச்சர்.

“தப்புன்னு தெரிஞ்சே எழுத மாட்டேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் சரசா.

அடுத்த இரண்டு வாரங்களில் நடந்தவை என் குறிப்பில் இப்படி இருக்கின்றன. 19ஆம் தேதி சரசா, கலைக்களஞ்சியப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினார். 20ஆம் தேதி ராமநாதன் அதை எடுத்துவிட்டு, சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது என்று எழுதிப் போட்டார். 21ஆம் தேதி சரசா மூன்று ஜெராக்ஸ் கொண்டுவந்து சுவரை விட்டுவிட்டுத் தம் மேசைமேல் ஒட்டினார். 22ஆம் தேதி ராமநாதன் தம் எம்.ஏ. சான்றிதழைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினார். 23ஆம் தேதி வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடப்பக்கப் பெஞ்சுகள் சாருக்கு, வலப்பக்கம் அக்காவுக்கு. இடைவேளை டீக்கும் இரண்டு கெட்டில் போயிற்று. பாஸ்கர் இரண்டிலும் குடித்ததாகக் கேள்வி.

வீட்டில் பானு ஒத்துக்கொள்ளவில்லை. பானுவுக்கு அப்போது இருபது வயது. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. “மம்மி, ஒரு லைன்தானே, எழுதிக் குடுத்துடேன், லிக் தோ நா! நேட்டோ மொதல்ல வந்தா என்னா, வார்சா வந்தா என்னா, யாருக்கு ஃபரக் படுது? அந்த ரஷ்யாவே இப்ப இல்ல, டுக்டே டுக்டே ஆயிடுச்சு. உன் முதுகு இருக்கு.”

“ரஷ்யா ஒடஞ்சா தேதியும் ஒடஞ்சுடுமாடி?”

“மறுபடி பொட்டி தூக்கப் போறியா?”

 அன்று சரசா சப்பாத்திக்கு மாவு பிசைய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பானு என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு நானும் போய், எழுதிக் கொடுத்துவிடும்படி சொன்னேன். அப்படிச் சொன்னதை மறைக்க விரும்பவில்லை.

“நீங்களா அண்ணே சொல்றீங்கோ?” என்றார். “முப்பத்தாறு வருசம் லெட்ஜர் எழுதினீங்கோ. ஒரு நாளாச்சும் பொய்யா ஒரு வரி எழுதிட்டு, அப்புறமா திருத்திக்கலாம்னு விட்டீங்களா?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, செவ்வாய். அன்றும் அதற்கு முந்திய நாளும் ராமநாதன் பள்ளிக்கு வரவில்லை. சளிக்காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாலை ஆறு மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் சரசா என்னை நிறுத்தினார்.

“அண்ணே, அந்த ரெண்டாவது காப்பி கீது பாருங்கோ, ஆபீசுக்குக் குடுத்தது. அதான் தப்பாப் போச்சு. நமக்கு அது வழக்கம். அவருக்கு அது, நான் மேல போய் கோள் சொன்ன மாரி.”

“இப்பதான் தெரிஞ்சுதா?”

“அட்டையத் திருப்பிப் படிச்சேன். ரெண்டு பேரும் என் ஊட்டுக் கதவுக்குத் தாப்பா போடறேன்னுதான் சொல்றாங்கோ. எதிர் ஊட்டுக்காரனுக்கு அந்தச் சத்தம், துப்பாக்கிய லோடு பண்ற சத்தமாக் கேக்குது. ஒடனே அவனும் ஒண்ணு போடறான். நானும் சாரும் இப்ப அங்கதான் நிக்கிறோம்.”

“அப்ப எழுதிக் குடுத்துடுவியா?”

“செஞ்சத எழுதிக் குடுப்பேன். வார்சாவ எழுத மாட்டேன்.” குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்கு வந்தார். பென்ஷனுக்காக நானும் அங்கே இருந்தேன். சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம். வரிசையில் பாதிப் பேர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். ராமநாதன் மூன்றாம் கவுண்டரில் பாஸ்புக் பதிந்துகொண்டிருந்தார். காய்ச்சல் எதுவும் தெரியவில்லை. சரசா முறைப்படி வரிசையில் நின்றார். எனக்கு மூன்று பேர் முன்னால். அவர் முறை வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

“பாஸ்புக்” என்றார் ராமநாதன், தலையைத் தூக்காமல்.

சரசா விண்ணப்பப் படிவம், விடைத்தாள், ஒரு கடிதம் மூன்றையும் உள்ளே தள்ளினார்.

ராமநாதன் நிமிர்ந்தார். “இங்கே எதுக்கு வந்தீங்க? இது பேங்க்.”

“ஸ்கூலுக்கு நீங்க வரல சார். இன்னிக்கி அஞ்சு மணியோட முடியுது.”

“சாயந்திரம் பாத்துக்கலாம்.”

“சாயந்திரம் எத்தினி மணிக்கி சார்?”

ராமநாதன் அடுத்தவரின் பாஸ்புக்குக்குக் கை நீட்டினார். பின்னால் கைக்குட்டை கட்டிய ஒருவர், “லவ்கர் கரா, பாயி!” என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். சரசா திரும்பி அவரிடம் மராத்தியில், ஒரு கையெழுத்துதான் வேண்டும், தாமதம் என்னுடையதல்ல என்றார். பிறகு தமிழில், “நான் நகர மாட்டேன் சார். எனக்குப் பின்னால பதினேழு பேரு நிக்கிறாங்கோ. என்னா சொல்லணுமோ அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

ராமநாதன் கடிதத்தைப் பிரித்தார். அதன் நகலும் என்னிடம் உண்டு. ‘16-9-1994 மாலை 7.10 முதல் 7.14 வரை வகுப்பில் நான் கத்தினேன். இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். இரண்டாவது வாக்கியம் உங்கள் வங்கி வேலை பற்றியது. அதை நான் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொன்னது தவறு, மன்னிக்கவும். 8-8-1994 அன்று சீட்டின் நகலை உங்களைக் கேட்காமல் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அதுவும் தவறு, மன்னிக்கவும். முதல் வாக்கியத்தைத் திரும்பப் பெற இயலாது.’

இரண்டு முறை படித்தார். “முதல் வாக்கியம்...”

“நோட்ஸு ஓட்டப் பொட்டின்னது. அது எண்ணிப் பாத்துச் சொன்னது சார்.”

ராமநாதன் பேனாவை மூடினார். திறந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அப்படியும் வரிசையில் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. “ஞாயித்துக்கிழமை என் காலேஜ் புக்கை எடுத்துப் பாத்தேன்.”

“என்னா சார் இருந்துச்சு?”

“நீங்க எழுதினதுதான்.”

“அப்ப ஏன் சார் வரல?”

“பதினோரு பேட்ச். முன்னூறு பேருக்கு மேல. எல்லாருக்கும் திருப்பிப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறது?”

“இந்த மூஞ்சிதான் சார். வேற எது கீது நமக்கு?”

பக்கத்துக் கவுண்டர் பெண் சிரித்துவிட்டாள். ராமநாதன் விடைத்தாளை எடுத்துப் பூஜ்யத்தை அடித்து, எட்டு என்று போட்டார்.

“எட்டு வேணாம் சார்” என்றார் சரசா.

“என்னம்மா?”

“கட்டுரை எழுதச் சொன்னீங்கோ. நான் கட்டம் போட்டேன். அது என் தப்பு. அதுக்கு வெட்டிடுங்கோ.”

“வெட்டினா நாலுதான் தர முடியும். மொத்தம் சரியா முப்பத்தஞ்சு. விளிம்புல நிக்கும்.”

“நிக்கட்டும். நாலுதான் என்னுது.”

ராமநாதன் எட்டை அடித்து நாலு போட்டார். கூட்டலைத் திருத்தினார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளினார். சரசா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். வரிசை நகரும் என்று எல்லோரும் ஓர் அடி முன்னால் வந்தோம். அவர் நகரவில்லை. பைக்குள்ளிருந்து குறிப்பை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து உள்ளே வைத்தார்.

“இதையும் சார்.”

“அதை நான் கிளாஸ்ல சொல்லிடறேன்.”

“என்னிக்கி சார்?”

“இந்த வாரம்.”

“வாரத்துல ஆறு நாளு கீது.”

“வெள்ளிக்கிழமை! போதுமா?”

“ஏழாம் தேதி. அத்த இங்க எழுதிக் குடுங்கோ.”

பின்னால் கூச்சல் எழுந்தது. ஒருவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து பார்த்தார். ராமநாதன் சிவப்பு மை பேனாவால் இரண்டு ஆண்டுகளையும் அடித்து மாற்றி எழுதி, ஓரத்தில் ‘வகுப்பில் அறிவிக்க, 7-10-94’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார்.

“முழுக் கையெழுத்து சார்.”

முழுக் கையெழுத்துப் போட்டார். மணி ஒன்று மூன்று. படிவம் சந்திரிகா டீச்சரின் மேசைக்குப் போனது மூன்று இருபத்தைந்துக்கு.

வெள்ளிக்கிழமை ராமநாதன் வந்தார். நான் அங்கே இல்லை. பாஸ்கர் சொன்னதை எழுதுகிறேன். கரும்பலகையில் இரண்டு தேதிகளையும் எழுதி, இவ்வளவு நாள் நான் மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன், சரசாம்மா எண்ணிப் பார்த்துச் சொன்னதுதான் சரி என்றாராம். “அப்ப தப்பா எழுதி வாங்கின எங்க எட்டு மார்க்கைத் திருப்பி வாங்கிக்குவீங்களா சார்?” என்று பாஸ்கர் கேட்க, இரண்டு பக்கப் பெஞ்சுகளும் ஒன்றாகச் சிரித்திருக்கின்றன. ராமநாதன் சரசாவைப் பார்த்து, அந்த அட்டையை முன்னால் வந்து எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

சரசா எழுந்திருக்கவில்லை. “எண்ணிச் சொல்றதோட என் வேல முடிஞ்சுது சார். பாடம் நடத்தறது உங்க வேல” என்றாராம். ராமநாதன் அட்டையை வாங்கி, முதல் வரியிலிருந்து அவரே நடத்தினார். அன்று டீ ஒரே கெட்டிலில் வந்ததா என்று கேட்டேன். இல்லை, இரண்டுதான் என்றார் பாஸ்கர். அது நவம்பர் வரை அப்படியேதான் இருந்தது.

1995 மார்ச்சில் சரசா பத்தாம் வகுப்பு எழுதினார். வரலாற்றில் ஐம்பத்தெட்டு. அதற்குள் இலகுவேலையை நீட்டித்திருந்தார்கள். டிசம்பரில் இலாகாத் தேர்வு எழுதியவர்கள் பத்தொன்பது பேர்; தேறியவர்கள் நாலு பேர்; சரசா மூன்றாவது. ஆணை வந்தது 1996 ஏப்ரலில். வரவு ஷெட்டிலேயே எழுத்தராகப் போட்டார்கள். முதுகு நிமிர்ந்த நாற்காலி ஒன்று வேண்டும் என்று முதல் நாளே எழுத்து மூலம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். ஏழாவது கடிதத்துக்கு நாற்காலி வந்தது. 2010 ஜூன் 30 அன்று ஓய்வு பெறும்வரை அதில்தான் உட்கார்ந்திருந்தார்.